இன்று இந்த வீடு வெயிலில் ஓடுகிறது

ஒவ்வொரு வீட்டிலும் சுவிட்சை அணைப்பதற்கென்றே ஓர் ஆள் இருப்பார். அவருக்குச் சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது. எங்கள் வீட்டில் அந்த வேலை எனக்கு. குளியலறையில் ஆளில்லாமல் விளக்கு எரியும், அணைப்பேன். முன்கூடத்தில் காத்தாடி காலி நாற்காலிக்குக் காற்று வீசிக்கொண்டிருக்கும், அணைப்பேன். திரும்பி வருவதற்குள் குளியலறையில் மறுபடி விளக்கு எரியும். அதையும் அணைப்பேன். இந்த முறை உள்ளே ஆள் இருப்பார். (சத்தம் வரும். மறுபடி போட்டுவிட்டுப் பேசாமல் போய்விடுவேன்.)

பிள்ளைகளே, நான் பெரிய படிப்பாளி இல்லை. படிவம் மூன்று, அதாவது ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன். இங்கே மலேசியாவில், கிள்ளானில் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறேன். விடிவதற்கு முன் வீட்டை விட்டுக் கிளம்பி, சாயங்காலம் வந்து காலை நீட்டினால் போதும் என்றிருக்கும். அப்படிப்பட்ட ஒருவன் மின்சாரம் தயாரிக்கக் கிளம்பியது எப்படி என்று கேட்டால், அதற்கும் அந்தப் பேருந்துதான் காரணம்.

தொழிலாளர்களை இறக்கிவிட்டு, அவர்கள் திரும்பும் வரை தொழிற்சாலை வாசலில் காத்திருப்பேன். நிழல் கிடையாது. பேருந்துக்குள் இட்லிப் பானையில் உட்கார்ந்த மாதிரி வெந்துகொண்டே எதிர்ப்பக்க வீடுகளைப் பார்ப்பேன். அங்கே ஒன்றிரண்டு கூரைகளில் கறுப்புக் கறுப்பாய்ச் சோலார் பலகைகள் பளபளக்கும். எனக்கு வயிறு எரியும். இத்தனை வெயில் என் தலைமேல் வீணாய்ப் போகிறது. அதே வெயிலில் அவன் வீட்டில் சோறு வேகிறது!

வீட்டுக்கு வந்து என் மனைவி சாந்தியிடம் சொன்னேன். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்:

"போன தடவ டிவி தட்டச் சரி பண்றேன்னு கூரையில ஏறுனீங்களே, நெனப்பிருக்கா?"

நினைவிருந்தது. அன்று உடைந்த ஓட்டுக்கு அடியில் ஒரு வாளி வைத்தோம். அது இன்னும் சமையலறையில் குடியிருக்கிறது. மழை வந்தால் பாத்திரத்தை நகர்த்துவோமே தவிர, அந்த வாளியை யாரும் நகர்த்துவதில்லை.

"இது அந்த மாதிரி இல்ல சாந்தி. நம்ம வீட்டுக்கு வேண்டிய கரண்ட நம்மளே செஞ்சிக்கலாம். பில்லு கொறையும். நம்மளப் பாத்து இந்த லோரோங்குல அடுத்த வீடு எதிர்வீடுன்னு எல்லாரும் போடுவாங்க."

"மொதல்ல நீங்க செஞ்சி காட்டுங்க. தீபாவளி ஓப்பன் ஹவுஸ் வருதில்ல, அக்கம்பக்கம் எல்லாரையும் விருந்துக்குக் கூப்புடுவோமே? அன்னிக்கி ஒரு நாள், உங்க கரண்டுல இந்த வீட்ட ஓட்டிக் காட்டுங்க. ஓடுச்சின்னா கூரைய உங்களுக்கே எழுதித் தர்றேன். ஓடலன்னா அப்புறம் இந்த வீட்டுல சோலார்ங்கற பேச்சே வரக்கூடாது."

ஒரு நல்ல வழக்கறிஞர் கூட இவ்வளவு தெளிவாக ஒப்பந்தம் போட மாட்டார். சரி என்றேன்.

செமினியில் வீடு கட்டும் இடத்தில் வேலை செய்யும் நண்பர் ஒருவர், எங்கோ மிஞ்சிய ஒரு பலகையைக் கொடுத்தார். பழைய லோரி பாட்டரிகள் எனக்குத் தெரிந்த ஒர்க்ஷாப்பில் கிடைத்தன. பாட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி ஒன்றை வாங்கினேன். கூரையைத் தொடக்கூடாது என்று உத்தரவு இருந்ததால், காடி (கார்) நிறுத்தும் இடத்துக்கு மேலே போட்டிருந்த தகரத்தின் மேல் பலகையைப் படுக்க வைத்துக் கட்டினேன். கீழே நின்று பார்த்தால் அது கண்ணுக்கே தெரியாது. தினமும் வேலைவிட்டு வந்ததும், களைப்பையும் பார்க்காமல், ஏணி வைத்து ஏறி ஈரத்துணியால் அதைத் துடைப்பேன். என் பேருந்தைக் கூட நான் அப்படித் துடைத்ததில்லை.

ஓப்பன் ஹவுஸுக்கு முதல் நாள் சாயங்காலம் கெனோப்பி போடுகிறவர் ஆட்களோடு லோரியில் வந்தார். வெளியூர்ப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: எங்கள் ஊரில் விருந்து என்றால் வாசலில் வாடகைக் கூடாரம் கட்டி, மேசை நாற்காலி போட்டுவிடுவார்கள். அந்த வெள்ளைத் துணிக் கூடாரம்தான் கெனோப்பி. அது இல்லாத விருந்தை யாரும் விருந்தாகவே மதிப்பதில்லை.

"அண்ணே, எங்க வரைக்கும் போடணும்?"

"நல்லா உள்ள தள்ளிப் போடுங்க. கெனோப்பிக்கும் தகரத்துக்கும் நடுவுல மழைத் தண்ணி சொட்டக்கூடாது. போன வருசம் எங்க மச்சான் தட்டுல சொட்டி அவரு கோவிச்சிக்கிட்டாரு."

"தகரத்து மேலயே ஏத்திடவா? மேல என்னமோ கெடக்கே அண்ணே, பரவால்லயா?"

"அது சோலார் லா! அதுல மட்டும் இடிச்சிடாதீங்க. பாத்து மெதுவா மேல இழுத்துப் போடுங்க."

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு, பார்த்து, மெதுவாக, மேலே இழுத்துப் போட்டார். எவ்வளவு பொறுப்பான மனுஷன் என்று நான் மனதுக்குள் பாராட்டினேன்.

அன்று பொழுது சாய்ந்ததும் எனக்குப் பொறுமை இல்லை. ஒத்திகை என்று சொல்லி வீட்டில் எல்லா விளக்கையும், எல்லாக் காத்தாடியையும், வாசலில் தொங்கிய மின்மினி விளக்குகளையும் பாட்டரியில் போட்டுக் காட்டினேன். அடுத்த வீட்டு லிம் அங்கிள் செருப்பு மாட்டிக்கொண்டு வந்து பார்த்துவிட்டு, கட்டைவிரலை உயர்த்தினார். வருடம் முழுக்க 'அணை, அணை' என்று கத்துகிறவன் அன்று எதையும் அணைக்கவில்லை. பாட்டரி காலியானால் என்ன, காலையில் வெயில் வந்து நிரப்பிவிடும் என்று படுத்துவிட்டேன். இரவு மழை பெய்தது. அதுவும் நல்லதுதான், பலகை கழுவிவிட்ட மாதிரி இருக்கும் என்று புரண்டு படுத்தேன்.

காலையில் வெயிலென்றால் அப்படி ஒரு வெயில். தாரெல்லாம் உருகுகிற வெயில். சாமி படத்துக்கு முன்னால் நின்று கண் கலங்கக் கும்பிட்டேன். பிறகு பாட்டரிப் பக்கம் போய்ப் பார்த்தால், பெட்டியில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆகா, விளக்கு எரிகிறது, அப்படியென்றால் வேலை நடக்கிறது என்று திருப்தியாக வந்துவிட்டேன். (பேருந்து ஓட்டுகிறவனுக்குச் சிவப்பு விளக்கு என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும்தான்.)

வாசலில் நான் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டேன்: 'இன்று இந்த வீடு வெயிலில் ஓடுகிறது.' நாளைக்கு யாரும் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லக்கூடாதே என்று, வந்தவர்கள் கண்முன்னால் மெயின் சுவிட்சை அணைத்து அதன்மேல் டேப் ஒட்டினேன். சாந்தியின் அண்ணன், என் மச்சான் முருகையாவைக் கூப்பிட்டு, டேப்பின் மேல் கையெழுத்தும் போடச் சொன்னேன்.

"இதெல்லாம் எதுக்கு மாப்பிள்ள? தேர்தலா நடக்குது?"

"போடுங்க மச்சான். சரித்திரம்."

வீடு நிறைந்தது. லிம் அங்கிள் குடும்பத்தோடு வந்தார். எதிர்வீட்டு மலாய்க்கார அக்கா, காக் ரொஹானி, பெரிய தட்டில் குவே பலகாரம் கொண்டுவந்தார். காத்தாடிகள் சோம்பலாகச் சுற்றின. நான் ஒவ்வொருவர் பக்கத்திலும் போய் நின்று, அவர்கள் மெல்லுவதை நிறுத்தும் வரை காத்திருந்து, மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது பற்றிச் சொன்னேன். மெல்லுவதை நிறுத்தக்கூடாது என்று சீக்கிரமே எல்லோரும் கற்றுக்கொண்டார்கள்.

மச்சான் மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை. அவர் கரோக்கே பெட்டியைச் செருகிக்கொண்டிருந்தார். அவர் பாடாத விருந்து எங்கள் குடும்பத்தில் இதுவரை நடந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு காதல் பாட்டின் உச்சிக்கு ஏறினார். அங்கே போனதும் பெட்டி 'ஊய்ங்' என்றது. பாட்டு நின்றது. காத்தாடிகள், மின்மினி விளக்குகள், சர்பத் குளிர்ந்துகொண்டிருந்த ஐஸ்பெட்டி, எல்லாம் நின்றன. மச்சானின் குரல் மட்டும் மின்சாரம் தேவைப்படாமல் இன்னும் கொஞ்சதூரம் போய், தனியாக இருப்பது தெரிந்ததும் நின்றது.

 கூடத்தில் காகிதத் தட்டுகள் விசிறியாக மாறும் சத்தம் கேட்டது. பட்டுப்புடவைகள் வேர்த்தன. லிம் அங்கிள் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். என் அட்டையைப் பார்த்தார். உள்ளே வந்து கேட்டார்:

"மாதஹாரி அடா, லெத்ரிக் தாரா?" (வெயில் இருக்கு, கரண்டு இல்லையா?)

அதே கேள்விதான் எனக்கும். வயரைத் தடவினேன். பாட்டரியைத் தட்டினேன். சாந்தி சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.  என் கூரை என் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது அவள் முகத்தில் தெரிந்தது.

"தூசி!" என்றேன் சத்தமாக. "பலகையில தூசி படிஞ்சிருக்கும். ஒரு நிமிசத்துல தொடச்சிடறேன்."

ஏணியைக் கொண்டுவந்தேன். அதற்குள் மொத்த விருந்தும் தட்டுகளோடு வாசலுக்கு வந்துவிட்டது. உள்ளே வேர்ப்பதற்கு வெளியே வேடிக்கை பார்க்கலாம் இல்லையா? ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, போருக்குப் போகிறவன் மாதிரி ஏறினேன். தகரத்துக்கு மேலே தலையை நீட்டினேன். கண் கூசும் என்று கண்களைச் சுருக்கியும் வைத்திருந்தேன்.

கண் கூசவில்லை. குளுகுளுவென்று இருந்தது.

என் பலகை அருமையான நிழலில் படுத்திருந்தது. அதற்கு மேலே, ஒரு முழ உயரத்தில், வெள்ளை வெளேரென்று கெனோப்பித் துணி. வெயிலுக்காகச் சாமியைக் கும்பிட்டவன், அந்த வெயிலுக்குக் குடை பிடித்திருக்கிறேன். வாடகைக் குடை. 'நல்லா உள்ள தள்ளிப் போடுங்க' என்று என் குரலே எனக்குக் கேட்டது.

"என்னங்க ஆச்சி?" என்றாள் சாந்தி கீழே.

"ஒண்ணுமில்ல. தூசிதான்."

அப்போதுகூட உண்மையைச் சொல்லியிருக்கலாம். எனக்குப் புத்தி அப்படிப் போகவில்லை. யாரும் பார்ப்பதற்குள் துணியை மேலே தள்ளி ஓரமாக ஒதுக்கிவிட்டால், பலகையில் வெயில் பட்டுவிடும், மானம் தப்பிவிடும். தலையாலும் இரண்டு கைகளாலும் முட்டுக் கொடுத்துத் தள்ளினேன். துணி ஏன் இவ்வளவு கனக்கிறது என்று யோசித்திருக்க வேண்டும். இரவு பெய்த மழை முழுக்க அதன் மடிப்பில்தான் தேங்கி இருந்தது.

அது மெதுவாகப் புரண்டது. என் பக்கம் வராமல் அந்தப் பக்கம் சரிந்தது. வாசலில் மைக்கைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்த மச்சான் மேல் பாதி. சாந்தி ஒரு வாரமாக உட்கார்ந்து சுட்ட முறுக்குத் தட்டுகளின் மேல் மீதி.

"மாப்பிள்ள!" என்றார் மச்சான். மைக் வேலை செய்யவில்லை. ஆனாலும் லோரோங் முழுக்கக் கேட்டது.

சாந்தி முறுக்கைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். விலகிய துணியையும், அந்த இடைவெளியில் அன்று முதன்முதலாகத் தகரத்தின் மேல் விழுந்த வெயிலையும் பார்த்தாள். அப்புறம் என்னை.

"கீழ எறங்குங்க."

உள்ளே போய், சரித்திரக் கையெழுத்தோடு சேர்த்து டேப்பைக் கிழித்து, மெயின் சுவிட்சைப் போட்டாள். காத்தாடிகள் சுற்றின. எல்லோரும் கை தட்டினார்கள். மின்சாரத்துக்கு மக்கள் அவ்வளவு மரியாதை கொடுத்து நான் பார்த்ததே இல்லை.

எல்லோரும் போன பிறகு, நனைந்த முறுக்குகளைப் பொறுக்கி ஒரு தட்டில் போட்டுக்கொண்டு சாந்தி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அசையக்கூடத் தெம்பில்லாமல் சாய்ந்திருந்தேன். அவள் ஒரு முறுக்கை வளைத்துப் பார்த்தாள். உடையாமல் வளைந்தது.

"நேத்து ராத்திரி எல்லா லைட்டும் எரிஞ்சிச்சில்ல?"

"எரிஞ்சிச்சி."

"இன்னிக்கி வெயில் பட்டிருந்தா ஓடியிருக்குமா?"

"கரோக்கேய நிறுத்திட்டா ஓடியிருக்கும்."

"அப்ப பலக மேல தப்பில்ல."

"இல்ல."

"தப்பு யாரு மேல?"

நான் முறுக்கை மென்றேன். மெல்லுவதை நிறுத்தக்கூடாது என்று எனக்கும் அப்போது புரிந்தது.

அவளுக்குத் தாங்கவில்லை. சிரித்தாள். முறுக்குத் தட்டு குலுங்கச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, கூரையில போடலாம். ஆனா ஒண்ணு. ஆளுங்க வந்து போடட்டும். நீங்க ஏணியத் தொடக்கூடாது" என்றாள்.

அப்படித்தான் நடந்தது. சொந்தமாகச் செய்து காட்டித் தோற்றேன். தோற்ற விதத்தால் கூரையை ஜெயித்தேன். ஆட்கள் வந்து பலகைகளை மாட்டிய நாளில் நான் உள்ளே உட்கார்ந்து தேநீர் குடிக்கப் பணிக்கப்பட்டேன். உடைந்த ஓட்டையும் அவர்களே மாற்றினார்கள். வாளி ஓய்வு பெற்றது. அடுத்த சில மாதங்களில் லிம் அங்கிளும் தன் கூரையில் போட்டார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் விரலை ஆட்டிச் சொல்வார்: "சோலார் போலே. கெனோப்பி ஜாங்ஙான்." (சோலார் போடலாம். கெனோப்பி வேண்டாம்.)

பில் குறைந்தது உண்மை. என் வேலை குறையவில்லை. ஆளில்லாத அறையில் காத்தாடி சுற்றுவதை ஏன் என்று கேட்டால், "அதான் கூரையில காய்க்குதேப்பா" என்கிறாள் என் மகள். பிள்ளைகளே, கூரையில் மின்சாரம் காய்த்தாலும், பறிப்பதற்கு ஓர் அளவு வேண்டாமா? யாரிடம் சொல்ல. நான் போய் அணைக்கிறேன்.

ஒவ்வொரு தீபாவளிக்கும் அதே கெனோப்பிக்காரர்தான் வருகிறார். இப்போதெல்லாம் எங்கே போடுவது என்று என்னைக் கேட்பதில்லை. லோரியில் இருந்து இறங்கும்போதே கேட் பக்கம் நின்று குரல் கொடுப்பார்:

"அக்கா, அண்ணன் உள்ளதான இருக்காரு? வெளிய வர்றதுக்குள்ள போட்டு முடிச்சிடறோம்!"

சமையலறையில் இருந்து சாந்தி பதில் சொல்வாள்:

"பயப்படாம போடுங்க தம்பி. அவரு உள்ள லைட்ட அணைச்சிக்கிட்டிருக்காரு."