செம்மரத்தின் நாற்பத்தேழு ஆணிகள்

கையில் குறடும் தலையில் பச்சைத் தொப்பியும் கிடைத்தால் ஒரு முட்டாள் என்னவெல்லாம் செய்வான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தொப்பி எனக்குச் சற்றுப் பெரிது.

சாரம் பகுதியில் எங்கள் தெருமுனைச் செம்மரத்துக்கு, ‘ஆணி பாய்’ என்று நாங்கள் கூப்பிடும் பெரியவரைவிடக் கொடிய எதிரி உலகத்திலேயே கிடையாது என்று நம்பியிருந்தேன். மரம் அறுக்கும் மில்லில் ரம்பம் ஓட்டி ஓய்ந்தவர். இடது கையில் மூன்று விரல். மாதம் ஒருமுறை சுத்தியலோடு வந்து மரத்தில் நாலு ஆணி அறைவார். தெருவின் இரண்டு பக்கமும் முறைத்துவிட்டுப் போவார். வழி கேட்ட கூரியர்காரரையே, “மரத்த ஏன் பாத்தே?” என்று விசாரித்தவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மரங்களில் ஆணி அகற்றும் இளைஞர்கள் வந்தார்கள். தொப்பி கொடுத்தார்கள். விடுவேனா? செம்மரத்தில் மட்டும் நாற்பத்தேழு உருவினேன். ‘எங்கள் தெருச் செம்மரம்’ என்று படமெடுத்து, முகவரியோடு எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன்.

மறுநாளே ஒரு குட்டியானை வண்டி வந்தது. இறங்கிய ஆள் மரத்தைக் கட்டிப்பிடித்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறுபக்கம் போய் நானும் கட்டிக்கொண்டேன்.

இதைப் பெருமையாகச் சொன்னதும் பாய்க்கு முகம் வெளுத்துவிட்டது.

“கட்டிப் புடிக்கலய்யா, திருட்டுப் பய வெட்டுறதுக்கு அளந்திருக்கான்! ஆணியெல்லாம் எங்க?”

“எடுத்துட்டேன் பாய். மரத்துக்கு வலிக்குமேன்னு...”

“ஆணி இருக்குற மரத்த எந்த மில்லுலயும் ஏத்த மாட்டான். ரம்பத்துல பட்டா பிளேடு தெறிச்சிடும். இது எப்பிடிப் போச்சுன்னு நெனச்சே?” இடது கையை நீட்டினார். “மரத்துக்குப் பாதுகாப்பு கேட்டு வனத்துறையில எழுதிக் குடுத்திருக்கேன். அவங்க வர்ற வரைக்கும் ஆணிதான்யா காவல்!”

பக்கத்து வீட்டில் மிக்சி ஓடியதற்கே ரம்பம் என்று நினைத்துத் தெருவுக்குப் பாய்ந்தேன். நல்லவேளை, ஷோகேஸில் வைப்பதற்காக ஆணிகளை ஊறுகாய் பாட்டிலில் போட்டு வைத்திருந்தேன். அதைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

நான் ஆணியைப் பிடிக்க, பாய் அடித்தார். பதினோராவது ஆணியின்போது அதே குட்டியானை தெருவுக்குள் திரும்பியது. மரத்தருகே மெல்ல நின்றது. பாய் வண்டியைப் பார்த்துக்கொண்டே ஓங்கி ஓங்கி நாலு அடி அடித்தார். உள்ளே இருந்தவன் ஆணித் தலைகளை ஒரு முறை பார்த்தான். வண்டி பின்னால் போயே போய்விட்டது.

மூச்சு வந்தது. அடுத்த ஆணியை வைத்துப் பிடித்தேன். பாய் சுத்தியலை ஓங்கினார்; ஓங்கியவர் அப்படியே நின்றார்.

“இன்னும் எம்மேல கோவமா பாய்?” என்றேன்.

“வெரல எடு.”