மாதிரிக் கல்லீரல்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து மக்களின் கல்லீரலில் கொழுப்பு ஏன் சேருகிறது, சேர்ந்ததை எப்படிக் கரைப்பது என்று கண்டறிய ஓர் அரசு ஆய்வுத் திட்டம் தொடங்கப்பட்டது. ராஜபாளையத்தில் மூடிக் கிடந்த நூல் மில் ஒன்றுக்கு வெள்ளையடித்து, ஸ்கேன் மிஷினை இறக்கினார்கள். இயக்குநராக டாக்டர் விக்னேஷ்வரன் பொறுப்பேற்றார். அவருக்கு உதவியாக டாக்டர் மாதுரி வந்தார்.

மிஷினில் ஒரு சங்கடம் இருந்தது. முதலில் ஆரோக்கியமான கல்லீரல் ஒன்றை அதற்குக் காட்ட வேண்டும். அதை மாதிரியாக வைத்துக்கொண்டுதான் ஊரார் கல்லீரலுக்கு அது மார்க் போடும்.

யாருடையதைக் காட்டுவது என்று முடிவெடுக்கக் கூட்டம் போட்டார்கள். பால்கோவா தட்டுத் தட்டாக வந்தது.

"காலேஜில் ஓட்டப்பந்தயம் ஓடுகிற பிள்ளைகள் யாரையாவது கூப்பிடலாம் சார்," என்றார் மாதுரி.

நிர்வாக அதிகாரி சீனிச்சாமி பதறிப்போனார். "வெளியாள் கல்லீரலை மாதிரியாக வைத்தால், நாளைக்கு இயக்குநரின் கல்லீரலையே அதோடு ஒப்பிட நேரும். குறை வந்தால் யார் பதில் சொல்வது? தலைமை அதிகாரியின் கல்லீரலே தலைமைக் கல்லீரல்."

விக்னேஷ்வரன் வாயைத் துடைத்துக்கொண்டு, அடக்கத்தோடு கட்டிலில் படுத்தார். மிஷின் மறுபேச்சுப் பேசாமல் ஏற்றுக்கொண்டது.

முதல் ஆளாகச் சேத்தூர் பாண்டிதுரை வந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த நாளாய், நாற்காலியிலிருந்து அவர் எழுந்ததெல்லாம் சாப்பாட்டுக்குத்தான். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். தென்னந்தோப்பைப் பார்ப்பது, மாட்டைப் பார்ப்பது, அவரைப் பார்ப்பது எல்லாம் மனைவி மாரிக்கனிதான். அவரைக் காட்டத்தான் அவள் கூட்டி வந்தாள். வந்த இடத்தில் அவளையும் படுக்கச் சொன்னார்கள்.

சீனிச்சாமி முடிவை வாசித்தார். "பாண்டிதுரை, இயல்பு. மாரிக்கனி, கடுமையான கொழுப்புக் குறைபாடு."

"எனக்கா சீக்கு? மூச்சு வாங்குதது அவியளுக்குங்க!"

"மூச்சு எங்கள் திட்டத்தில் வராதும்மா. அது வேறு துறை."

மாரிக்கனிக்குச் சிகிச்சை எழுதினார்கள். வேலை செய்யக் கூடாது. வாசலைத் தாண்டி நடக்கக் கூடாது. காலையும் மாலையும் பால்கோவா.

"பாத்தியாட்டி, பட்டாளத்து உடம்பு!" என்று பஸ்ஸில் பாண்டிதுரை மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் விடியுமுன்னே மாடு கத்தியது. யார் போவது? நோயாளியை அனுப்ப முடியாது. அரசு உத்தரவை மீறிப் பழக்கமில்லாதவர் பாண்டிதுரை. புலம்பிக்கொண்டே புல்லறுத்தார், தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சினார், கஞ்சி காய்ச்சினார். மாரிக்கனி கல்யாணமாகி முதன்முறையாகப் பகலில் உட்கார்ந்தாள். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு சுகமாக இருந்தது. அதற்கும் பிறகு, எழுந்திருக்கும்போது மூச்சு வாங்கியது.

சில மாதம் கழித்து மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள். மாரிக்கனி இயல்பு. பாண்டிதுரைக்குக் கடுமையான குறைபாடு, இனி ஓய்வு அவருக்கு.

சீனிச்சாமி முடிவைத் தூக்கிக்கொண்டு இயக்குநரிடம் ஓடினார். "சார்! பெண்டாட்டியிடம் இருந்த நோய் புருஷனுக்குத் தாவிவிட்டது!"

இன்னும் பல வீடுகளில் அப்படியே தாவியிருந்தது. கல்லீரல் நோய் திருமணத்தால் பரவுகிறது என்று திட்டம் அறிவித்தது. மேலிடம் பாராட்டியது. கல்யாணத் தரகர்கள் ஜாதகத்தோடு ஸ்கேனும் கேட்டார்கள். செட்டியார்பட்டி ஜிம்மில் இரும்பையெல்லாம் எடுத்துவிட்டுச் சாய்வு நாற்காலி போட்டார்கள்.

மாதுரிக்குப் பொறுக்கவில்லை. மாரிக்கனியைத் தனியே அழைத்து, மிஷினுக்குள் இருப்பது யாருடைய கல்லீரல் என்று சொல்லிவிட்டார். மாரிக்கனி நேரே இயக்குநர் அறைக்குள் புகுந்தாள்.

"ஏன் சார், எம்புட்டு நல்லா ஓடியாடித் திரிஞ்சேன்! ஒங்க ஈரலு மாதிரி இல்லைன்னா எங்களுக்குச் சீக்கா? அது நல்ல ஈரல்னு ஒங்களுக்கு ஆரு சொன்னா?"

விக்னேஷ்வரன் யோசித்துப் பார்த்தார். அவரிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அன்றே பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார்.

முடிவைப் பார்த்து மாதுரி மெதுவாகச் சொன்னார். "இனிப்பை நிறுத்தணும் சார். தினமும் உடம்பு வேர்க்கணும். இப்பவே ஆரம்பிச்சா சரியாயிடும். விட்டா ஈரல் தழும்பேறிச் சுருங்கிடும்."

இயக்குநர் அன்று மாலையே மில்லைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். சீனிச்சாமி மூச்சிரைக்க ஓடிவந்து மறித்தார்.

"என்ன காரியம் சார் செய்கிறீர்கள்? திட்டத்தின் அடிப்படையே உங்கள் கல்லீரல்தான். மேலிட அனுமதி இல்லாமல் அதைக் குணப்படுத்தக் கூடாது."

"அது என் வயிற்றுக்குள் இருக்கிறதய்யா!"

"இருக்கிற இடம்தான் சார் உங்களுடையது."

விக்னேஷ்வரன் ராஜினாமா எழுதி அனுப்பினார். கல்லீரலை ஒப்படைத்துவிட்டுத் தாராளமாகப் போகலாம் என்று பதில் வந்தது. அன்று அவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மாதிரியையே மாற்றிவிடும்படி மேலிடத்துக்குக் கெஞ்சி எழுதினார். அதிசயமாக, மாற்றலாமா என்று பார்க்க ஓர் உயர் அதிகாரி புறப்பட்டு வந்தார்.

அவர் வந்த அன்று மில் வாசலில் கூட்டம் நெரிந்தது. "மாற்றாதே! மாற்றாதே! கல்லீரலை மாற்றாதே!"

முன்வரிசையில் பக்கத்து வீட்டு வெள்ளத்தாய் நின்றாள். மாரிக்கனி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "ஏட்டி, அந்த மிஷின் பொய்யின்னு நாந்தான் சொன்னேன்லா? பொறவு எதுக்குக் கத்துத?"

"எனக்கு நார்மலுன்னு வந்துருக்குக்கா. மிஷின மாத்துனா நாளைக்கே நான் சீக்காளி. எதுக்கு இந்த வம்பு?"

அவளுக்கு அடுத்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தவர் பாண்டிதுரை.

"நீங்களுமா? நீங்க இப்ப கல்லு மாதிரி இருக்கீயன்னு டாக்டரம்மாவே சொன்னாவளே!"

"மெதுவாப் பேசுட்டி. அத எழுதிக் குடுத்துட்டா மறுபடியும் மாட்ட நாந்தான பாக்கணும்?"

நோயாளி என்று எழுதப்பட்டவர்கள் ஓய்வை விட மாட்டோம் என்றார்கள். இயல்பு என்று எழுதப்பட்டவர்கள் பெயரை விட மாட்டோம் என்றார்கள். இத்தனை ஒற்றுமையை அந்த உயர் அதிகாரி எந்த ஊரிலும் கண்டதில்லை. மக்களின் விருப்பத்தை மதித்து மாதிரிக் கல்லீரல் நிரந்தரமாக்கப்படும் என்று மைக்கில் அறிவித்தார். கைதட்டலில் மில் தகரம் அதிர்ந்தது.

மாரிக்கனி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாசலில் நின்ற மாதுரியிடம் சொன்னாள். "எந்த ஈரல வச்சாலும் புல்லறுக்கது நாந்தான் போலருக்கு, டாக்டரம்மா. போறேன். அறுத்தாலாவது எனக்கு மூச்சு சரியாவும்."

அவள் பஸ் ஏறிச் சேத்தூரில் இறங்கினாள். பின்படியில் தலையில் துண்டு போட்ட ஒருவர் இறங்கி, தோப்பு வரை அவள் பின்னாலேயே வந்தார். துண்டை விலக்கினார். இயக்குநர்.

"அம்மா, இன்னொரு அரிவாள் இருக்குமா?" என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு கேட்டார். "மேலிடத்துக்கு மட்டும் தெரிய வேண்டாம்."