கொய்யா கண்டக்டர் கொண்டுவந்த சேதி

கெட்ட சேதியை வாயால் சொல்லவே மாட்டேன் என்றிருக்கும் மனிதரிடம் வீட்டுச் சேதி சொல்லி அனுப்பலாமா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். கொய்யா கண்டக்டரைப் போலப் பொய் சொல்லத் தெரியாத பொய்யர் தர்மபுரி மாவட்டத்திலேயே கிடையாது.

இரண்டாவது பிரசவத்துக்குக் கம்பைநல்லூரில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். மூத்தவளுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் என் கணவரோடும் நாத்தனாரோடும் தர்மபுரியிலேயே விட்டுவந்தேன். விட்டது சரியா என்று யோசிக்காத பொழுதில்லை. கணவர் தினமும் காலையில் பஸ் நிலையத்துக்குப் போய் வீட்டுச் சேதியைக் கம்பைநல்லூர் பஸ் கண்டக்டரிடம் சொல்வார். எங்கள் ஊரில் பஸ் நின்றதும் நான் படிக்கட்டருகே நிற்பேன்.

"எல்லாம் சௌக்கியமுங்க தங்கச்சி" என்பார். சில நாள் கூடவே ஒரு கொய்யாப்பழம் நீட்டுவார். பிள்ளை பெற்றவள் என்ற கரிசனம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை கணவர் வந்தபோதுதான் புரிந்தது. ஒரு பழம் வந்த அன்று பால் பொங்கி ஸ்டவ் கெட்டிருக்கிறது. இரண்டு பழம் வந்த அன்று குரங்கு கூரை ஓட்டை உடைத்திருக்கிறது. அதன்பின் அவர் முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஒரு நாள் துண்டு நிறையப் பழம் வந்தது.

"பெரிய பாப்பாவுக்கு என்னங்கண்ணா?"

"ஒண்ணும் இல்லம்மா. பழம் இனிப்பா இருக்கும், சாப்பிடுங்க."

"இத்தனையும் குடுத்துட்டு ஒண்ணும் இல்லைன்னா எப்படிங்க?"

அவர் விசிலை வாயில் வைத்துக்கொண்டார். பஸ் தர்மபுரிக்குத் திரும்பியபோது நான் கைக்குழந்தையோடு ஏறிவிட்டேன். மனிதர் டிக்கெட் கிழிக்க மறந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் என்னைப் பார்த்துக்கொண்டே, "எறங்கறவங்க நல்லா யோசிச்சு எறங்குங்க" என்று கத்திக்கொண்டே வந்தார்.

தர்மபுரியில் இறங்கியதும் குறுக்கே வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

"அம்மை போட்டிருக்கும்மா. சின்னதைத் தூக்கிட்டு வர வேணாம்னுதான் வூட்டுக்காரரு சொல்லச் சொன்னாரு."

நான் வரக்கூடாது என்பதற்குத்தான் அத்தனை பழமும்!

அடுத்த டிரிப் வரை கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவர் பஸ் நிலையத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப்போய் வாசலில் நின்றே மூத்தவளைப் பார்த்துவிட்டு வந்தேன். வேப்பிலைக்கு நடுவில் படுத்திருந்தவள் கையை ஆட்டினாள். பிறகு நன்றாகத் தேறிவிட்டாள். எல்லாவற்றுக்கும் இரண்டு முறை யோசிக்கிற நான், அவர் கையில் குழந்தையைக் கொடுக்கும்போது மட்டும் ஒரு முறைகூட யோசிக்கவில்லை.

இப்போது தர்மபுரிக்கே திரும்பிவிட்டேன். நேற்று சின்னவனுக்கு இருமல். அம்மாவிடம் என்ன சொல்லட்டும் என்று கண்டக்டர் கேட்டார். எனக்கும் வாய் வரவில்லை. ஒரு கொய்யாப்பழம் கொடுத்தனுப்பினேன்.

பஸ் போன பிறகு கவலை வந்துவிட்டது. இருமலுக்கு ஒரு பழம் போதுமா, இரண்டு கொடுத்திருக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.