ரூட்டர் ஊதிய சங்கு

சந்தோஷ்குமாரின் லேப்டாப் திரை 4.5 டிகிரி என்று காட்டியது. காட்ட வேண்டியது நாற்பத்தைந்து.

அது ஊதுபத்தி காயவைக்கும் அறையின் சூடு. சற்றுமுன்தான் அந்த அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருந்தான். சட்டை இன்னும் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நாலரை டிகிரியில் எந்த மனுஷனுக்கும் இப்படி வேர்க்காது.

“புள்ளி எடம் மாறி உக்காந்துருச்சு. அவ்வளவுதான்,” என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டான்.

நஞ்சன்கூடு தொழிற்பேட்டையில் சுலோசனா மேடம் நடத்தும் ஊதுபத்திக் கம்பெனி அது. அவர் கடை மைசூர் அக்ரஹாரத்தில் இருந்தது. கடையில் உட்கார்ந்தபடியே காயவைக்கும் அறையின் சூட்டைச் செல்போனில் பார்க்க வேண்டும் என்பது மேடத்தின் நெடுநாள் ஆசை. அதற்காகச் சிம் கார்டு போட்ட ரூட்டர் ஒன்றை மாட்டிக் கொடுக்கத்தான் சந்தோஷ்குமாரை அனுப்பியிருந்தார் அவன் முதலாளி பிரசாந்த். மத்தியானம் மேடமே நேரில் வருகிறார். அதற்குள் எல்லாம் தயாராகிவிட வேண்டும்.

ஆகிவிட்டால் அவன் வேலை நிரந்தரம். ஆகாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊரான கௌதள்ளிக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். ஹுணசூரில் அவன் கைவைத்த ரூட்டர் மறுநாளே ஊமையானது. சாமராஜநகரில் கைவைத்தது அன்றைக்கே ஊமையானது. இந்த லட்சணத்தில் ஜோதிமணியின் அப்பா வேறு, “வேலை பர்மனன்ட் ஆனா பொண்ணு பாக்க வரச் சொல்லுங்க, இல்லாட்டி வேண்டாம்” என்று ஆள்மூலம் சொல்லியனுப்பியிருந்தார். ஒரு புள்ளி இடம் மாறியதில் ஒரு கல்யாணமே தொங்கிக்கொண்டிருந்தது.

செல்போன் அடித்தது. பிரசாந்த்தான்.

“ஏனப்பா, ஆயிதா? முடிஞ்சுதா?”

“உள்ள போயிட்டேனுங்க சார்.”

“அனுப்ரியா வந்தாளா?”

“வந்துட்டாங்க சார். தேடுன உடனே வந்துட்டாங்க.”

அனுப்ரியா பிரசாந்த்தின் ஒரே மகள். அவள் பிறந்த பிறகுதான் தொழில் தழைத்தது என்பது அவர் நம்பிக்கை. அதனால் அவர் ஆபீஸிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு ரூட்டருக்கும் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, வைஃபைக்கு மகள் பேரையும், பாஸ்வேர்டாக அவள் பிறந்த தேதியையும் போட்டுத்தான் அனுப்புவார். இதை மாற்றினால் தொழில் படுத்துவிடும் என்று யாரையும் மாற்ற விடமாட்டார். மைசூரைச் சுற்றி எத்தனையோ கம்பெனிகளின் கூரைக்குக் கீழே எத்தனையோ அனுப்ரியாக்கள் கண்சிமிட்டிக்கொண்டிருந்தார்கள்.

“பாதி செட்டிங் ஆபீஸ்லயே போட்டாச்சு. நீ சர்வீஸ் எல்லாம் சரியா இருக்கான்னு பாத்து ஆன் பண்ணு, சாக்கு, அது போதும். பேக, சீக்கிரம் முடி, மேடம் வந்துருவாங்க!”

சந்தோஷ்குமார் சர்வீஸ் பக்கத்தைத் திறந்தான். உள்ளே ஒரு சின்ன பஞ்சாயத்து ஆபீஸே இருந்தது. நேரம் சொல்ல ஒரு சேவை, உள்ளே இருக்கும் கருவிகளுக்கெல்லாம் முகவரி கொடுக்க ஒரு சேவை, எஸ்.எம்.எஸ். வாங்கிக்கொள்ள ஒரு சேவை. நேரம் சொல்லும் சேவையைப் பார்த்ததும் அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. கடிகாரம் லண்டன் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது!

“இதுதான் வெவகாரமா! சிக்கிட்டயா?” என்று கத்தியேவிட்டான். நஞ்சன்கூட்டு ஊதுபத்திக்கு லண்டன் நேரம் எதற்கு? இந்திய நேரத்துக்கு மாற்றி, ஜம்மென்று சேமிப்புப் பொத்தானைத் தட்டினான்.

‘பூம்ம்ம்ம்’ என்று ஒரு சங்கு ஊதியது.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பேக்கிங் பகுதியில் நாற்காலிகள் தள்ளப்படும் சத்தம் கேட்டது. சந்தோஷ்குமார் வெளியே ஓடினான். கம்பெனியில் காவலும் கரண்டு வேலையும் சேர்த்துப் பார்க்கும் கரியப்பன் எதிரே வந்தார்.

“கரியப்பண்ணா, என்னங்க சத்தம்?”

“சாப்பாட்டுச் சங்குங்க.”

“இப்பவா? காலையில தின்னதே இன்னும் செமிக்கலையே!”

“அது எனக்குத் தெரியாதுங்க. சங்கு ஊதுனா சாப்படோணும். இந்தப் பேட்டைக்கே அதுதான் சட்டம்.”

பேக்கிங் பெண்களுக்கெல்லாம் தலைவியான பூவாத்தாள் முன்னால் நடக்க, எல்லோரும் தூக்குப்போசியோடு மரத்தடிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இன்றைக்கே ஏற்ற வேண்டிய சரக்கு பாதியில் நின்றது. லாரி டிரைவர் தலையில் கைவைத்தார்.

சந்தோஷ்குமார் திரும்ப ஓடிவந்து திரையைப் பார்த்தான். ஓரத்தில் ‘சங்கு’ என்று ஒரு வரி, அதற்கு எதிரே ஒரு பச்சைப் புள்ளி.

“சங்கும் இந்த ரூட்டர்லதான் இருக்குதா? பாஸ் சொல்லவே இல்லையே!”

பின்னாலேயே வந்த கரியப்பன் வாயைப் பிளந்தார். “அந்தச் சங்கை நீங்களா ஊதுனீங்க?”

“கை பட்டுருச்சுங்கண்ணா.”

“இங்க உக்காந்துக்கிட்டேவா?” கரியப்பன் அவனை மேலும் கீழும் பார்த்தார். பார்வையில் பக்தி வந்துவிட்டது. “பெரிய ஆளுதானுங்க நீங்க.”

பெரிய ஆள் நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தான். முன்னால் தள்ளியதால்தானே ஊதியது? பின்னால் தள்ளினால் சரியாகிவிடும். கடிகாரத்தைக் கையாலேயே பின்னுக்கு இழுத்துவிட்டான். கொஞ்சம் அதிகமாக இழுத்துவிட்டான் போலிருக்கிறது. சங்கு மறுபடியும் ஊதியது. இது வேலை தொடங்கும் சங்கு.

பூவாத்தாள் ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் களி உருண்டை, இன்னொரு கையில் ஊதுபத்திக் கட்டு.

“ஏனுங் சார், ஒரு வாய் வெக்கறதுக்குள்ள வேலைக்குக் கூப்புட்டா, இதைத் திங்கறதா, பொட்டலத்துல போடறதா?”

“ஒரே நிமிசங்க அக்கா, சரி பண்ணிடறேன்!”

“நீங்க பண்றதுதானுங்களா இதெல்லாம்? அப்படியே பஞ்சப்படியும் ஏத்தி உட்ருங்க, புண்ணியமாப் போகும்.”

அவள் போனதும் கடிகாரத்தைக் கொஞ்சமே கொஞ்சம் முன்னால் நகர்த்தினான். டீச் சங்கு ஊதியது. டீக்காரர் எங்கிருந்தோ சைக்கிளை மிதித்துக்கொண்டு பறந்து வந்தார். இன்னும் கொஞ்சம் நகர்த்தினான். வீட்டுக்குப் போகும் சங்கு ஊதியது. பெண்கள் மகிழ்ச்சியோடு கைகழுவிக்கொண்டு பையைத் தோளில் மாட்ட, டீக்காரர் ஊற்றிய டீயைத் திரும்பக் கெட்டிலில் ஊற்ற, லாரி டிரைவர் சண்டைக்கு வர, கரியப்பன் எல்லோரையும் கேட்டருகே மறித்துக்கொண்டு, “பொறுங்க, பொறுங்க, சார் இன்னும் முடிவு பண்ணலை!” என்று கத்திக்கொண்டிருந்தார்.

சந்தோஷ்குமார் திரையை முறைத்தான். பயம் பாதி, ஆவேசம் பாதி. இன்றைக்கு விட்டால் ஜோதிமணி இல்லை! இனிக் கடிகாரத்தோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, சங்கையே பிடுங்கிவிட வேண்டும் என்று முடிவுகட்டினான். முகவரி கொடுக்கும் சேவையை நிறுத்தினால் சங்குக்கு முகவரி கிடைக்காது. முகவரி இல்லாத சங்கு எப்படி ஊதும்? தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டு அதை நிறுத்தினான்.

ரூட்டரோடு தொடர்பு அறுந்தால் அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்ளும்படி யாரோ ஒரு கெட்டிக்காரன் சங்குக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். அது ஊதத் தொடங்கியது. நிறுத்தவே இல்லை.

ஆபத்துச் சங்கு கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று பேட்டையில் எல்லோருக்கும் தெரியும். எல்லாக் கம்பெனிகளிலிருந்தும் ஜனங்கள் ரோட்டுக்கு ஓடிவந்தார்கள். யாரோ கியாஸ் என்றார்கள், யாரோ தீ என்றார்கள். தீ என்றதும் டீக்காரர் அடுப்பை அணைத்தார். அந்தக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு சுலோசனா மேடத்தின் கார் வந்து நின்றது.

மேடம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு ஆபீஸுக்குள் வந்தார்.

“ஐயோ ராமா, இந்தச் சத்தத்துல நான் என்னத்தப் பாக்கறது? யாராவது நிறுத்தக் கூடாதா?”

“நான் நிறுத்தறேனுங்க மேடம்!” சந்தோஷ்குமார் முகவரிச் சேவையைத் திரும்ப ஓடவிட்டான். கடிகாரத்தையும் பழைய லண்டனுக்கே அனுப்பிவைத்தான்.

சங்கு வாயை மூடிக்கொண்டது.

மேடம் மெல்லக் கையைக் காதிலிருந்து எடுத்தார். “நீங்களா நிறுத்துனது?”

“ஆமாங்க மேடம்.”

“இங்க இருந்தேவா? அந்தச் சங்குகூட நம்ம பெட்டி சொன்னா கேக்குமா?”

“நம்ம பெட்டி சொன்னா எல்லாமே கேக்கும் மேடம்,” என்றான். இவ்வளவு ஆச்சரியப்பட இதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் பாராட்டு வரும்போது வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் அவனுக்கு இல்லை.

“பரவாகில்லயே! சரி, சூட்டைக் காட்டுங்க.”

அப்போதுதான் அவனுக்குப் புள்ளி ஞாபகம் வந்தது. திரையில் இன்னமும் 4.5. மேடம் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி மூக்கில் ஏறுவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். அளவுப் பக்கத்தைத் திறந்து, வரும் எண்ணைப் பத்தால் பெருக்கி மேடத்தின் செல்போனுக்கு அனுப்பும்படி எழுதிவிட்டு, குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு தட்டினான்.

மேடத்தின் செல்போனில் ஒரு மணி ஒலித்தது. பச்சை எழுத்தில் 45 டிகிரி.

மேடம் வேகமாகக் காயவைக்கும் அறைக்கு நடந்தார். சந்தோஷ்குமார் பின்னால் போனான். சுவரில் தொங்கிய பழைய வெப்பமானியை மேடம் உற்றுப் பார்த்தார். செல்போனைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார்.

“நாப்பத்தஞ்சு! அப்படியே கரெக்ட்டா இருக்கே! ஒரு டிகிரிகூட ஏறல, இறங்கல!”

அங்கேயே நின்று பிரசாந்த்தைக் கூப்பிட்டார். “உங்க பையன் கெட்டிக்காரன், பிரசாந்த். என் தம்பி கம்பெனிக்கும் இவரையே அனுப்புங்க. வேற யாரும் பேடா, வேண்டாம்!” என்று சொல்லி, செல்போனைச் சந்தோஷ்குமாரிடமே நீட்டினார்.

“சந்தோஷ்!” பிரசாந்த் கத்தினார். “நீ இன்னைல இருந்து பர்மனன்ட் அப்பா! ஊருக்குப் போன் பண்ணிச் சொல்லு!”

சந்தோஷ்குமாருக்குத் தரையில் கால் பாவவில்லை. ஹுணசூரும் சாமராஜநகரும் மறந்தே போயின. ஜோதிமணிக்கு ஒரே ஒரு வார்த்தை அனுப்பினான்: ‘ஆச்சு.’ மறு நொடியே அவளிடமிருந்து ஏழெட்டு மாலைப் படங்கள் வந்து குவிந்தன. வெளியே பூவாத்தாளும் மற்றவர்களும் மூன்றாம் முறையாக வேலைக்கு உட்கார்ந்திருந்தார்கள். லாரி டிரைவர்கூடச் சிரித்தார். மேடம் மைசூர்பாகு டப்பாவைத் திறந்து அவன் முன்னால் நீட்டினார்.

அவன் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டபோது கரியப்பன் மூச்சுவாங்க ஓடிவந்தார்.

“சார், பக்கத்துத் தயிர்க் கம்பெனில இருந்து ஆள் வந்திருக்குதுங்க, அங்கயும் இதே அனுப்ரியா பெட்டிதானாமா, அவங்க சங்கு காலையில இருந்து கண்டபடிக்கு ஊதுச்சாமா, இப்பத் தயிர் வெக்கற குளிர் ரூம்பு நாப்பத்தஞ்சு டிகிரின்னு காட்டுதாமா, உங்களைக் கையோட கூட்டியாரச் சொல்றாங்க, நீங்க போறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு சொல்லிருங்க, காலையில பேனல்ல மாட்டி வெச்ச நம்ம பெட்டிக்கு இப்பவாச்சும் கரண்டு குடுத்துரட்டுங்களா?”