அதிகாரி மேஜை மேல் ஏறிய பாடம்

மாணவன் வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் வாத்தியாருக்குக் கோபம் வரும். வாத்தியாரே செய்யாவிட்டால் எலி வரும். இது என் சொந்த அனுபவம்.

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய எங்கள் பள்ளியில் படிப்பவர்கள் பெரும்பாலும் இருளர் பிள்ளைகள். வருகை குறைந்துகொண்டே போனதால், ஈசிஆர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் உள்ள பெரிய பள்ளியோடு சேர்த்துவிடலாம் என்று பேச்சு. சேர்த்தால், பறக்கிற லாரிகளைத் தாண்டி ஒரு பிள்ளையும் போகாது. படிப்பு அதோடு சரி. முடிவு செய்ய அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது.

பெற்றோரைக் கூப்பிட்டு, "உங்களுக்குத் தெரிஞ்சதையே பாடமா வெச்சிடலாம். நீங்களே வந்து நடத்துங்க. பிள்ளைங்க லீவு போடாம வரும்" என்றேன். (நல்லாசிரியர் விருது வாங்கக் கட்டிக்கொண்டு போகும் வேட்டியை மனதுக்குள் துவைத்துக் காயப்போட்டாயிற்று.) நாலாம் வகுப்பு முனியம்மாவின் அம்மா செல்வி, பள்ளிச் சுவரோரம் இருந்த எலி வளையைக் காட்டினார்.

"இதையே புடிச்சிக் காட்டிடலாம் சார். வளைக்கு நாலஞ்சு வாய் இருக்கும். ஒண்ணுல புகை ஊதுவோம். எலி தப்பிக்காம மத்ததெல்லாம் மண்ணு வெச்சி அடைச்சிட்டு வரணும். அதான் வீட்டுப்பாடம்."

ஆளுக்கொரு வாயாகப் பிரித்தோம். தலைமையாசிரியர் அறையில், தரை பெயர்ந்த இடத்தில் இருந்தது என் பங்கு.

மறுநாள் மண் உருண்டையோடு போனால், அதிகாரி முன்னதாகவே வந்து உட்கார்ந்திருக்கிறார். அந்த வாய் சரியாக அவர் நாற்காலிக்கு அடியில். மேலதிகாரியின் கால்களுக்கு நடுவே மண்டியிட்டு மண் பூசுவது எப்படி என்று எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வணக்கம் வைத்துவிட்டு, உருண்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

"அடைச்சாச்சா சார்?" என்றார் செல்வி.

"ம்" என்றேன்.

வைக்கோல் திணித்துக் கொளுத்திய பானையைச் சுவரோர வாயில் கவிழ்த்து, பானையின் அடியில் இருந்த ஓட்டை வழியாக நானே ஊதினேன். (ஆர்வக்கோளாறு.) எலி வரவில்லை. "இன்னும் நல்லா ஊதுங்க சார்" என்றார்கள் பிள்ளைகள். கன்னம் வலிக்க ஊதினேன். தலைமையாசிரியர் அறை ஜன்னலில் புகை வந்தது. பின்னாலேயே அதிகாரியின் அலறல்.

ஓடிப்போய்ப் பார்த்தால் அதிகாரி மேஜை மேல் நிற்கிறார். தலைமையாசிரியரும் பக்கத்தில் இடம் பிடித்திருந்தார். கீழே எலிகள். மொத்தப் பள்ளியும் உள்ளே பாய்ந்து பிடிக்க ஆரம்பித்தது.

"என்னய்யா நடக்குது இங்க?"

"பாடம் சார்" என்றாள் முனியம்மா, ஓர் எலியை வாலைப் பிடித்துத் தூக்கியபடி. "இன்னைக்கு யாருமே லீவு போடல."

அதிகாரி மேஜையில் நின்றபடியே தலைகளை எண்ணினார். (இறங்குவதற்கு அவருக்கு அவசரமில்லை.) அவள் சொன்னது உண்மைதான். பள்ளி தப்பியது. எனக்கு உயிர் வந்தது.

இப்போது வாரம் ஒரு பெற்றோர் வந்து பாடம் நடத்துகிறார். செல்வி வரும் நாளில் மட்டும் எனக்கு எந்த வேலையும் தருவதில்லை. வீட்டில் நிலைமை இன்னும் மோசம். "கேஸ் சிலிண்டரை மூடிட்டீங்களா?" என்று மனைவி கேட்டு, நான் "ம்" என்றால் போதும், குடும்பமே காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்துக்கொள்கிறது.