இயல்பு நிறம்

மனித குலம் கண்ட கண்ட நிறங்களில் பிறந்து தடுமாறிக்கொண்டிருந்த காலத்தில், அதற்கென ஒரே ஒரு சரியான நிறத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த பெருமை எங்கள் நிறுவனத்தையே சாரும்.

கையை இழந்தவர்களுக்கு நாங்கள் செயற்கைக் கை செய்கிறோம். மேலே மெல்லிய தோலுறை. அந்த உறையின் நிறத்துக்கு எங்கள் பட்டியலில் ‘இயல்பு நிறம்’ என்று பெயர்; ஊறவைத்து உரித்த பாதாம்பருப்பின் நிறம். நிறுவனத்தின் இருநூறு ஊழியரில் ஒருவருக்கும் அந்த நிறம் வாய்க்கவில்லை. எங்கள் லட்சியம் அவ்வளவு உயரம்! நான் நிறக்குழுவின் செயலாளர்.

ஒரு நாள் மழலையர் பள்ளி ஆசிரியை ஒருவர் வந்தார். பேருந்து விபத்தில் இடக்கையை இழந்தவர். எங்கள் கையைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“பசங்க தெனமும் கேக்குறாங்க சார், ‘டீச்சர், இந்தக் கை யாரோடது?’ன்னு. ஒரு குட்டிப்பொண்ணு அதைப் பிடிச்சுக்கிட்டு வரவே பயப்படுறா.”

குறையைப் பதிவேட்டில் ஏற்றி, விதிப்படி எட்டு வாரம் காத்திருக்கச் சொன்னேன். அதற்குள் சாயக்கார அக்கா குறுக்கே புகுந்துவிட்டார். இருபது வருடமாக எங்கள் தோலுறைகளுக்குச் சாயம் ஏற்றுபவர். விதிமுறைகளை ஒருநாளும் படித்ததில்லை.

“இப்படி ஜன்னல்கிட்ட வாங்கம்மா. டியூப்லைட்ல நிறம் பொய் சொல்லும்” என்று ஆசிரியையின் வலக்கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பழுப்பு, கொஞ்சம் மஞ்சள், அதைவிடக் கொஞ்சம் சிவப்பு. ஊசிமுனையில் கறுப்பு. கலந்து, ஒரு துண்டுத் தோலுறையில் தடவினார். ஆசிரியைக்கு முகம் வாடிவிட்டது.

“ரொம்பக் கறுப்பா இருக்கே அக்கா?”

“ஈரத்துல பாத்தா ஏமாந்துருவீங்க. காயட்டும்.”

காய்ந்தது. சிவப்பு சற்றே தூக்கல் என்றார். மறுபடி கலந்தார். ஏழாவது துண்டு, ஆசிரியையின் மணிக்கட்டில் வைத்ததும் தோலோடு தோலாகக் காணாமல் போனது. பிறகு உறைக்கே சாயம் ஏற்றினார். விரல் மூட்டுகளில் இன்னொரு பூச்சு, உள்ளங்கைக்கு வெளிர். ஆசிரியை இரண்டு கைகளையும் மடியில் சேர்த்துவைத்துப் பார்த்தார்.

இந்த முறைகேட்டை விசாரிக்க நிறக்குழு அவசரமாகக் கூடியது. ஆசிரியையிடமிருந்து வாங்கிவந்த கை நடுமேசையில் கிடந்தது.

“இந்த நிறத்துக்கு நம்பர் என்ன?” என்றார் மேலாளர்.

“நம்பர் கிடையாது சார். அது அவங்க நிறம்” என்றார் அக்கா.

“நம்பரே இல்லாத நிறத்துல ஒருத்தர் எப்படிம்மா இருக்க முடியும்?”

ஆழமான கேள்வி. குறித்துக்கொண்டேன்.

“அதோ வெளியில உக்காந்திருக்காங்க சார், நீங்களே கேளுங்க.”

“இயல்பு நிறத்துல என்ன குறை கண்டீங்க?”

“ஒரு குறையும் இல்ல. உங்க கையை அந்தப் பட்டியல் நிறத்துக்குப் பக்கத்துல கொஞ்சம் வைங்க சார்.”

மேலாளர் தம் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். உறுப்பினர் நால்வரின் கைகளும் மேசைக்கடியில் மறைந்தன. இயல்பு நிறமே தொடர வேண்டும் என்ற தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னபோது ஒருவரும் தூக்கவில்லை. “வாயாலேயே சொல்லிரலாமே” என்றார் பொருளாளர். ஒருமனதாக நிறைவேறியது.

“பழைய நிறத்துக்கே மாத்திக் குடுத்துருங்க” என்றார் மேலாளர்.

“ஏறின சாயம் எறங்காது சார்.”

அக்கா கையை எடுத்துக்கொண்டு வெளியே போனார், ஆசிரியைக்குப் பொருத்தினார், வாசல்வரை கூடவே நடந்தார். மறுநாளே அவர் எங்கள் நிறுவனத்தின் காலணிப் பிரிவுக்கு ‘உயர்த்தப்பட்டார்’. சாயப் பக்கமே வரக்கூடாது. அட்டைப்பெட்டி மடிக்கும் வேலை.

ஆசிரியைக்கு ஒரு கடிதம் அனுப்பினோம். வாசகம் என்னுடையதுதான்: ‘எங்கள் தயாரிப்பில் குறையேதும் இல்லை. தங்கள் வலக்கையே இயல்பிலிருந்து விலகியிருப்பதாகக் குழு கருதுகிறது. இனி அந்த இடக்கை பழுதானால் நிறுவனம் பொறுப்பேற்காது.’

கையை விரிப்பதிலும் ஒரு கண்ணியம் வேண்டுமல்லவா? கடிதத்தின் அடியில் முத்து முத்தாகக் கையெழுத்திட்டேன். கையெழுத்திட்ட கை, அந்த ஆசிரியையின் கையைவிட இரண்டு பூச்சு கறுப்பு.