பிடரி நட்ட ராஜா

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது. அந்தச் சிங்கம் நான்தான். வேட்டையெல்லாம் என் மனைவி செண்பகவல்லி பார்த்துக்கொள்வாள். அவ்வப்போது பிடரியைச் சிலுப்புவது மட்டுமே என் வேலை.

அந்தப் பிடரிதான் கொட்டத் தொடங்கியது. முதலில் உச்சி, பிறகு நெற்றியோரம். பக்கத்தில் மிச்சமிருந்ததை இழுத்து நடுவில் படியவிட்டுக்கொண்டு தர்பாருக்குப் போனேன். காற்றடித்தால் தர்பாரை ஒத்திவைத்தேன். விஷயம் அடுத்த காட்டுக்கு எட்டியது. அங்கிருந்த இளஞ்சிங்கம் உக்கிரசேனன் சண்டைக்கு வருவதாகச் சொல்லியனுப்பினான்.

பதறிப்போய் மரங்கொத்தி டாக்டரிடம் ஓடினேன். முன்பெல்லாம் பின்னந்தலையில் தோலையே பட்டையாக வெட்டித் தைப்பார்களாம். பூரான் மாதிரி தழும்பு நிற்குமாம். இப்போது கத்தியே கிடையாதாம். பின்கழுத்திலிருந்து ஒவ்வொரு வேராக அலகால் எடுத்து, சாய்வு பார்த்து முன்னால் நடுவாராம், நாற்று நடுவது போல. வலிக்குமா என்று கேட்டேன். பதிலுக்கு ஒரு குளவி வந்து மரத்துப்போகும் ஊசி போட்டது.

ஒரே ஒரு சங்கடம். நடுவதற்கு முன் தலையை முழுக்க மழித்துவிட்டார்கள். நட்டதும் முதலில் உதிரும், பல மாதம் கழித்தே முளைக்கும் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்தால் என் குட்டிகளே, இந்தப் பெரியம்மா யார் என்று அம்மாவிடம் விசாரித்தன.

மறுநாளே உக்கிரசேனன் வந்துவிட்டான். குகை வாசலில் என்னைப் பார்த்து, பணிவாகக் கேட்டான்.

"அக்கா, ராஜா இருக்காரா?"

எனக்கு ரத்தம் கொதித்தது. கர்ஜிக்க வாயைத் திறந்தேன். அப்போதுதான் அவன் தோள்களைப் பார்த்தேன்.

"இல்லைங்க தம்பி," என்றேன், குரலை மெலிசாக்கி. "வேட்டைக்குப் போயிருக்கார்."

"ராஜாவே வேட்டைக்குப் போவாரா?"

"யானை வேட்டைக்கு," என்றாள் உள்ளே படுத்திருந்த செண்பகவல்லி, தலையைத் தூக்காமலே.

அவன் ஓரடி பின்னால் வைத்தான். அவசர வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை.

மாதங்கள் போயின. பிடரி முளைத்தது. டாக்டர் சொன்னதைவிட அடர்த்தியாகவே முளைத்தது. குளத்தங்கரையில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றேன். செண்பகவல்லி பின்னால் வந்தாள்.

"நாடு முழுக்க ராஜா வேட்டைக்குப் போறார்னு பேச்சு. அது பொய்யாகக் கூடாது. கிளம்புங்க."

போனேன். புதருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த என் பிடரியைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு மான்கள் ஓடிவிட்டன. அன்றைக்குக் குட்டிகள் பட்டினி. செண்பகவல்லி என்னை நேராக ஆற்றங்கரையில் முடிவெட்டும் நண்டிடம் கூட்டிப்போனாள். கிருதாவையாவது விட்டுவைக்கச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தேன். நண்டு அவள் முகத்தைப் பார்த்தது, பிறகு அதையும் வெட்டியது.

இப்போது வாராவாரம் மழித்துக்கொண்டு, அவளுக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடுகிறேன். மரங்கொத்தி டாக்டர் என்னை வழியில் பார்த்தால், தான் நட்டது வீணானதைக் காணப் பொறுக்காமல் வேறு மரத்துக்குப் பறந்துவிடுகிறார்.

நீதி: கம்பீரம் வேண்டுவோர் முடி நடுக; ஆயுள் வேண்டுவோர் நட்டதை மழித்துவிட்டு, அக்கா என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் பழகுக.